வளவில் விழுந்த பலாவை மத்தளக் கட்டையாக்குவது எப்படி: வன்னியில் புதிதாகத் தொடங்குவோருக்கு

மரம் விழுந்த மறுநாள் காலையிலேயே ஆட்கள் வளவுக்குள் வரத் தொடங்குவார்கள். ஒருவர் விறகுக்குக் கேட்பார், இன்னொருவர் செங்கல் சூளைக்குக் கேட்பார். மூன்றாமவர், "நானே வெட்டித் துப்புரவாக்கித் தருகிறேன், கூலி வேண்டாம், மரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்பார். அவர்கள் வருவதில் தவறில்லை. ஆனால் விழுந்தது ஒரு முதிர்ந்த பலா என்றால், அன்று யாருக்கும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு கிழமை அவகாசம் கேளுங்கள். அந்த ஒரு கிழமையில் நீங்கள் செய்வதைப் பொறுத்துத்தான் அந்த மரம் அடுப்பில் எரியுமா, கூத்துக் களரியில் முழங்குமா என்பது இருக்கிறது.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, வன்னியைக் குறுக்கே கடந்து மன்னார்ப் பக்கம் போனது. எங்கள் பின்வளவில் அம்மம்மா நட்ட பலா அன்று வேரோடு சாய்ந்தது. இடப்பெயர்வில் வீட்டை விட்டுப் போய், திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கதவும் இல்லை, அந்தப் பலா மட்டும் நின்றது. அதை விறகாக்க எனக்கு மனம் வரவில்லை. அப்போது இந்த வேலை எனக்குத் தெரியாது. தச்சு வேலை செய்யும் பெரியப்பா ஒருவரிடமும் மத்தளம் கட்டும் ஒருவரிடமும் கேட்டுக் கேட்டுச் செய்தேன். கெடுத்த கட்டைகளும் உண்டு. இங்கே எழுதுவது அந்த அனுபவம்.

பலாவை முன்வைத்தே எழுதுகிறேன், ஏனென்றால் நம் வீட்டு வளவுகளில் விழும் மரங்களில் வாத்தியத்துக்கு முதலிடம் அதற்குத்தான். மிருதங்கம், தவில், வீணை எல்லாம் பலாவில்தான் செய்கிறார்கள். அதன் வைரம், அதாவது முதிர்ந்த உள்மரம், மிகப் பாரமும் இல்லை, மெதுமையும் இல்லை. கறையான் இலகுவில் தொடாது. குடைந்து மெல்லிய சுவராக்கினாலும் தோலின் இழுவையைத் தாங்கும். நம் பகுதியில் கோவலன் கூத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மத்தளம் வேண்டும். நல்ல காய்ந்த கட்டை கிடைப்பதுதான் அரிதாகிவிட்டது.

முதல் நாள்: கை வைக்காமல் பார்ப்பது

முதலில் மின்கம்பி. மரம் கம்பியில் சாய்ந்திருந்தாலோ, கம்பி அறுந்து ஈர நிலத்தில் கிடந்தாலோ, மின்சார சபையினர் வந்து துண்டிக்கும்வரை அந்தப் பக்கமே போகக்கூடாது.

அடுத்தது வேர். காற்றில் சாய்ந்த மரத்தின் வேர்க்கட்டு மண்ணோடு பெயர்ந்து சுவர்போல எழுந்து நிற்கும், அடியில் பெரிய குழி இருக்கும். பிள்ளைகளுக்கு அந்தக் குழி பெரிய விளையாட்டிடம். ஆனால் அடிமரத்தை அறுத்ததும், இவ்வளவு நேரமும் அதைச் சாய்த்துப் பிடித்திருந்த பாரம் போய்விடும். வேர்க்கட்டு ஒரே கணத்தில் நிமிர்ந்து பழைய இடத்தில் விழுந்து குழியை மூடும். அறுக்கும் நாளில் அந்தக் குழிக்குள் பிள்ளையோ ஆடோ நாயோ இல்லை என்பதை ஒருவர் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு வேலை எதையும் அவருக்குக் கொடுக்காதீர்கள்.

வன்னியில் இன்னொன்றும் உண்டு. வேர் பெயர்ந்தால் பல ஆண்டுகளாக வெளிச்சம் காணாத மண் மேலே வருகிறது. 2009இல் போர் முடிந்தாலும் நிலத்துக்குள் கிடப்பவை எல்லாம் எடுக்கப்பட்டுவிடவில்லை. குழியில் துருப்பிடித்த உருண்டையோ குழாயோ பச்சைநிறப் பிளாஸ்டிக்கோ கண்டால் தொடவும் வேண்டாம், கல் எறிந்து பார்க்கவும் வேண்டாம். வந்த காலடியிலேயே திரும்பி வந்து, அந்த இடத்துக்கு யாரும் போகாமல் அடையாளம் வைத்து, 119க்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ அறிவியுங்கள். அவர்கள் வந்து பார்த்துச் சொல்லும்வரை மரம் அப்படியே கிடக்கட்டும். காத்திருப்பதால் கெடும் மரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கிளைகளுக்கு அடியில் புடையன் பாம்பு ஒதுங்கியிருக்கும். தடியால் தட்டிவிட்டுக் கை வையுங்கள்.

இவை எல்லாம் சரி என்றால், மரத்தைச் சுற்றி நடந்து படம் எடுங்கள். வேர் பெயர்ந்து நிற்பது தெளிவாகத் தெரியும்படி இரண்டு படமாவது வேண்டும். அது ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

அனுமதி

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் நம் சொந்த வளவில் நின்றாலும் நினைத்தபடி தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அனுமதி பிரதேச செயலகத்தில் பெற வேண்டும். உங்கள் மரம் தானாக விழுந்தது, நீங்கள் தறிக்கவில்லை. அதைக் காட்டத்தான் படம். கிராம அலுவலரை அழைத்து மரத்தைக் காட்டி ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். கட்டையை மரக்காலைக்கோ வாத்தியம் செய்பவரிடமோ வீதியால் ஏற்றிச் செல்ல வேண்டும் என்றால் அதற்குத் தனியாக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். பத்திரம் இல்லாமல் லாண்ட்மாஸ்டரில் ஏற்றினால் சோதனையில் மரமும் போகும், வண்டியும் நிற்கும். பத்திரம் கைக்கு வரச் சில நாட்கள் ஆகலாம். அதனால் நான் வலியுறுத்துவது, அறுப்பதையும் மூடுவதையும் வளவுக்குள்ளேயே முடியுங்கள் என்பதுதான்.

மரத்துக்குள் இரும்பு

இந்த நிலத்தில் முதிர்ந்த மரம் என்றால் அதன் உடம்பில் உலோகம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தொடங்குங்கள். ஷெல் சிதறல், துப்பாக்கிச் சன்னம், கொடி கட்ட அடித்த ஆணி, வேலிக்கு இழுத்த முட்கம்பி எதுவும் இருக்கலாம். மரம் அதைச் சுற்றி வளர்ந்து விழுங்கிவிடுகிறது. வெளியே ஒரு தழும்பு மட்டும் தெரியும்.

பட்டையில் வட்டமாகவோ உதடுபோலப் புடைத்தோ இருக்கும் தழும்புகளை எல்லாம் சோக்கால் வட்டமிடுங்கள். பழைய ஒலிபெருக்கியில் இருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி அவற்றின் மேல் ஓட விடலாம். ஆழமில்லாத இரும்புச் சிதறல் என்றால் நூல் சாயும். ஆனால் ஈயமும் பித்தளையும் காந்தத்துக்கு அசையா. சன்னத்தில் அவையும் இருக்கலாம். கையில் பிடிக்கும் உலோகம் காட்டும் கருவியை யாரிடமாவது இரவல் வாங்க முடிந்தால் நல்லது. அதுவும் ஓரளவு ஆழத்துக்குத்தான் காட்டும். ஆகையால் அறுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓடும் சங்கிலி வாள் இரும்பில் பட்டால் சங்கிலி அறுந்து ஆளின் மேல் பாயக்கூடும். அறுத்த முகத்தில் கறுப்போ கரும்பச்சையோ படர்ந்த கறை தெரிந்தால் அங்கே நிறுத்துங்கள். இரும்பு இருக்கும் இடத்தைச் சுற்றி மரம் அப்படித்தான் நிறம் மாறும். அதற்கு மேலேயோ கீழேயோ ஓரடி தள்ளி வெட்டிக்கொள்ளலாம்.

எங்கள் பலாவில் இரண்டு சிதறல்கள் இருந்தன. ஒன்று பெருவிரல் அளவு. அது வைரத்துக்குள், பட்டையில் இருந்து நாலு அங்குலம் உள்ளே கிடந்தது. அதற்குப் பிறகும் அந்த மரம் ஆண்டுதோறும் காய்த்தது. அந்தத் துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். அது கிடந்த கட்டையை வாத்தியத்துக்குக் கொடுக்கவில்லை, மணையாகச் செதுக்கினோம்.

எந்த இடத்தில் வெட்டுவது

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். சங்கிலி வாள்காரர் வந்து நின்றதும் "எத்தனை அடிக்கு?" என்று கேட்பார். நாம் யோசிக்காமல் இரண்டடி என்போம். அந்தப் பதிலோடு மரம் வீணாகிவிடும்.

ஒரு மிருதங்கக் கட்டையின் நீளம் சாதாரணமாக 22 முதல் 24 அங்குலம். நடு வயிறு 10, 11 அங்குலம். வலக்கையால் அடிக்கும் வலந்தலை ஆறரை அங்குலம் அளவில், இடக்கைப் பக்கத்து இடந்தலை அதைவிட ஓர் அங்குலம் கூட. கூத்து மத்தளத்துக்கு ஊருக்கு ஊர் அளவு மாறும். உங்கள் பக்கத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்தைக் கேட்டு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நான் அளந்தது 24 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. இது முடிந்த வாத்தியத்தின் அளவு. காயும்போது இரண்டு நுனியிலும் வெடிப்பு உள்ளே ஓடும். அதற்கு ஒவ்வொரு பக்கமும் ஐந்து, ஆறு அங்குலம் பலி கொடுக்க வேண்டும். ஆகவே 24 அங்குல வாத்தியத்துக்கு மூன்றடிக் கட்டை. இதைக் கூட்டுங்கள், குறைக்காதீர்கள்.

பருமனுக்கு ஒரு கணக்கு. மரத்தின் சுற்றளவு நாலரை அடி என்றால் குறுக்களவு ஏறக்குறைய 17 அங்குலம். பட்டையும் அதை ஒட்டிய இளமரமான வெளிறும் சேர்ந்து இரு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் போனால் மஞ்சள் வைரம் 13 அங்குலம் மிஞ்சும். மத்தளத்துக்கு அது போதும். வெளிறை வாத்தியத்தில் விடக்கூடாது. அதில் மாச்சத்து இருக்கிறது, மரம் துளைக்கும் பூச்சியான உளு அதைத் தேடி வரும். வைரத்தை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. நாலடிக்குக் குறைந்த சுற்றளவு என்றால் மத்தளத்தை மறந்துவிட்டு உடுக்கோ கஞ்சிரா வளையமோ நினையுங்கள்.

அடிமரத்தில் நிலத்தில் இருந்து ஒன்றரை அடி விட்டு, முதற் கிளைக்கு ஓரடி கீழே வரை உள்ள பகுதிதான் உங்களுக்கு வேண்டியது. கிளை கிளம்பும் இடத்தில் நார் சுழலும், அங்கே கணு இருக்கும், கணுவில் வெடிக்கும். மரம் நிமிர்ந்து வளர்ந்ததா, சாய்ந்து வளர்ந்ததா என்றும் நினைத்துப் பாருங்கள். கிணற்றுப் பக்கமோ வேலிப் பக்கமோ வெளிச்சம் தேடிச் சாய்ந்து வளர்ந்த மரத்தில், சாய்வின் மேற்புறத்து மரம் வேறு குணமுள்ளது. அறுத்தால் முகம் வழவழப்பாக வராது, பஞ்சுபோல மயிர் எழும். காயும்போது முறுகும்.

புயலில் விழுந்த மரத்துக்கே உரிய ஒரு குறை உண்டு. இதைப் பெரியப்பா காட்டித்தராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. மரம் காற்றில் வளைந்து வளைந்து ஆடும்போது வளைவின் உட்புறத்து நார்கள் நசுங்குகின்றன. நாருக்குக் குறுக்கே மயிரிழை போன்ற சுருக்கங்களாக அவை நிற்கும். பட்டைக்கு மேலே எதுவும் தெரியாது. சுவர் மெலிந்த பிறகு, வாரை இழுத்துச் சுருதி சேர்க்கும் நாளில் அந்தக் கோட்டில் வெள்ளரிக்காய்போல உடையும். கண்டுபிடிக்கும் வழி இதுதான். கட்டையின் ஒரு பக்கத்தில் ஒரு கை அகலத்துக்குப் பட்டையையும் வெளிறையும் செதுக்கி, சீவுளியால் வழவழப்பாக்கி, சற்று ஈரம் தடவி, மாலை வெயிலில் சாய்வாகப் பாருங்கள். குறுக்கே மெல்லிய கோடுகள் தெரிந்தால் அந்தக் கட்டை வாத்தியத்துக்கு ஆகாது. மரம் சாய்ந்த பக்கத்தை முதலில் பாருங்கள். மரத்தின் நடு உயரத்தில் இது கூடுதலாக இருக்கலாம். அடியில் நன்றாக இருக்கக்கூடும், ஆகையால் ஒரு கட்டையைப் பார்த்து முழு மரத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

மூன்றடிக் கட்டை ஒன்று பச்சையில் நூறு கிலோவைத் தாண்டும். உருட்டத்தான் முடியும், தூக்க முடியாது. கால் விரல்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். பலாப் பால் வாளிலும் கையிலும் ஒட்டும். தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு தொடங்கினால் கழுவுவது எளிது.

அறுத்த அன்றே மூடுவது

நாரின் நுனி வழியாக ஈரம் போகும் வேகம் பக்கவாட்டில் போகும் வேகத்தைவிடப் பல மடங்கு. நுனி முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே இன்னும் ஈரமாய் ஊதி நிற்கும். இந்த இழுபறியில்தான் வெடிக்கிறது. அதனால் அறுத்த முகம் இரண்டையும் அன்று மாலைக்குள் மூட வேண்டும். நாளை என்று வைத்தால் நாளைக்கே கோடு விழுந்திருக்கும்.

மூடுவதற்கு விலை உயர்ந்த மருந்து எதுவும் தேவையில்லை. மெழுகுதிரித் துண்டுகளை உருக்கித் தடிப்பாகத் தூரிகையால் இழுப்பது மிக நல்லது. மெழுகை நேரே நெருப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். பழைய எண்ணெய்ப் பெயின்ட் மூன்று பூச்சும் போதும். இரண்டும் இல்லாத நிலையில் சாணமும் களிமண்ணும் குழைத்து இரண்டு அங்குலம் அப்பி, காயக் காய நனைத்து வரலாம். அது தற்காலிகம்தான். முகத்தில் மட்டுமல்ல, முகத்தை ஒட்டி நாலு அங்குலம் பக்கவாட்டிலும் பூசுங்கள். பட்டையை இப்போது உரிக்காதீர்கள்.

ஒவ்வொரு கட்டையிலும் திகதி, எந்த முகம் வேர்ப்பக்கம், மரத்தில் எத்தனையாவது துண்டு என்று எழுதுங்கள். மூன்று மாதம் போனால் எல்லாக் கட்டையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

உடனே வேலையைத் தொடர முடியாதவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு, தண்ணீர். நீருக்குள் முழுதாக அமிழ்ந்த மரம் வெடிக்காது, உளுவும் அண்டாது. வெளிறில் உள்ள மாச்சத்தும் கரைந்து போகும். நமக்குக் குளங்களுக்குக் குறைவில்லை. ஆனால் குளம் பொதுச் சொத்து. கமக்காரர் அமைப்பிடம் சொல்லிவிட்டு, நீர் திறக்கும் துருசுக்கும் அணைக்கட்டுக்கும் எட்டத்தில், கயிறு கட்டி, மேலே பாரம் வைத்து அமிழ்த்துங்கள். முதலை நடமாட்டம் உள்ள குளம் என்றால் வேண்டாம், வளவிலேயே குழி வெட்டித் தறப்பாள் விரித்து நீர் விடலாம். பாதி நீருக்குள்ளும் பாதி வெளியிலும் கிடப்பதுதான் மிகக் கெடுதல். நீர்மட்டத்தில் உளுத்துவிடும்.

பச்சையிலேயே குடைவது

முழுக் கட்டையாகவே நிழலில் போட்டு வைத்தால் காயும் என்று நினைத்து, என் முதற் கட்டையை அப்படித்தான் கெடுத்தேன். மெழுகு பூசியிருந்தும், ஆறு மாதத்தில் நடுவில் இருந்து பட்டை வரை விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. காரணம் இதுதான். மரம் காயும்போது வளையத்தின் வழியே சுருங்குவது, நடுவில் இருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடு மையம் உள்ளே இருக்கும்வரை அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்க வழியில்லை, எங்காவது ஒரு பக்கம் கிழிந்தே ஆகும். நடுவை எடுத்துவிட்டால் சுருங்க இடம் கிடைக்கிறது.

ஆகவே அறுத்து இரண்டு மூன்று கிழமைக்குள், மரம் பச்சையாக இருக்கும்போதே, நடுவைக் குடைந்துவிடுங்கள். பச்சை மரம் உளிக்கு இளகியும் கொடுக்கும். இரு முகத்திலும் நடு மையத்தைச் சுற்றி நாலு அங்குல வட்டம் போடுங்கள். நாலுக்கு மேல் போகாதீர்கள். மத்தளம் பீப்பாய் வடிவம், அதன் வாய் வயிற்றைவிடச் சிறிது. இப்போதே எட்டு அங்குலத் துளை இட்டால் பிறகு வலந்தலைக்குக் கட்ட மரம் இருக்காது. இந்தப் பிழையை வேறொருவர் செய்ததைப் பார்த்திருக்கிறேன். அருமையான கட்டை, கடைசியில் பூச்சட்டியானது.

துறப்பணத்தால் வட்டத்துக்குள் நெருக்கமாகத் துளைகள் போட்டு, நீண்ட உளியும் கொட்டாப்புளியுமாக இடையில் உள்ளதைத் தட்டி எடுங்கள். ஒரு முகத்தில் இருந்து பாதி, மறு முகத்தில் இருந்து பாதி. இரண்டும் நடுவில் சந்திக்கும்போது அரை அங்குலம் விலகியிருந்தாலும் பரவாயில்லை. சங்கிலி வாளின் நுனியைக் குத்திக் குடைய முயல வேண்டாம். நுனி மரத்தில் பட்டால் வாள் முகத்தை நோக்கித் தூக்கி அடிக்கும். பழகியவர்களே அதில் காயப்பட்டிருக்கிறார்கள்.

பிறகு பட்டையையும் வெளிறையும் வாச்சியால் நீக்கி, இரு நுனியையும் சற்று ஒடுக்கி, பீப்பாயின் சாயலுக்குக் கொண்டுவாருங்கள். முடிந்த அளவைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலமாவது கூட இருக்கட்டும். நுனிகளை மறுபடியும் மெழுகால் மூடுங்கள், துளையின் வாயோரத்தையும் சேர்த்து. சிந்தும் மஞ்சள் சிராய்களை எறிந்துவிடாதீர்கள். பிக்குகளின் அங்கிக்குச் சாயம் காய்ச்சியது பலா மரத்தின் இந்த வைரத்தில்தான். வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டுக் காய்ச்சிப் பாருங்கள், அந்த நிறம் அத்தனை அழகு. தூள் மூக்குக்குள் போகாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

காய வைப்பது

இனி வேலை குறைவு, காத்திருப்புத்தான். குடைந்த கட்டையின் சுவர் மூன்று நாலு அங்குலத் தடிப்பு. அது ஒழுங்காகக் காய ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். எங்களுடையதற்கு இரண்டு மாரியும் இரண்டு கோடையும் தேவைப்பட்டன.

இடம் முக்கியம். கூரை வேண்டும், நேர் வெயில் கூடாது, காற்று மெல்ல ஊடாட வேண்டும். வைகாசி தொடங்கி ஆவணி வரை அடிக்கும் சோளகம் நமக்கு வில்லங்கமானது. அந்த வறண்ட காற்று ஒரே கிழமையில் நுனியை வெடிக்க வைக்கும். கொட்டிலின் தென்மேற்குப் பக்கத்தைக் கிடுகால் நெருக்கமாக அடைத்துவிடுங்கள், வடக்கும் கிழக்கும் திறந்திருக்கட்டும். முதல் கோடையில் கட்டையைச் சாக்கால் போர்த்தியும் வைக்கலாம். மாரியில் இதற்கு எதிர். பூஞ்சணம் பிடிக்கும். சாக்கை எடுத்துவிட்டு, பத்து நாளைக்கு ஒருமுறை துடைத்து, கட்டையைப் புரட்டி வையுங்கள். பிளாஸ்டிக் தறப்பாளால் இறுகச் சுற்றுவது எந்தக் காலத்திலும் வேண்டாம்.

நிலத்தில் வைக்காதீர்கள். கல்லடுக்கி, அதன் மேல் இரண்டு சட்டம் போட்டு வையுங்கள். கல்லைச் சுற்றிச் சாம்பல் தூவி, கறையான் புற்றுக் கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். வெளிறு எங்காவது மிஞ்சியிருந்தால் வெண்காரத்தை வெந்நீரில் கரைத்துத் தடவலாம். பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

காய்ந்ததா என்பதைக் கையால் தொட்டு அறிய முடியாது. நிறுத்துத்தான் அறிய வேண்டும். குடைந்த அன்று கட்டையின் நடுப்பகுதியில் எடுத்த ஒரு துண்டு மரத்தை உடனே நிறுங்கள். எங்கள் துண்டு 248 கிராம். பிறகு அதைப் போறணையில் நூறு பாகை அளவு சூட்டில், எடை மேலும் இறங்காமல் நிற்கும்வரை காய வைத்தேன். 155 கிராமில் நின்றது. போன நீர் 93 கிராம். 93ஐ 155ஆல் வகுத்தால் நூற்றுக்கு 60. அதாவது உலர் மரத்தின் எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு நீர். முழுக் கட்டையும் அன்று 33.6 கிலோ இருந்தது. அதை 1.6ஆல் வகுத்தால் முற்றாக உலர்ந்த எடை 21 கிலோ. ஆனால் நம் காற்றில் மரம் முற்றாக உலராது. நூற்றுக்கு 14 அளவில் நின்றால் வேலைக்கு ஏற்றது. 21ஐ 1.14ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 24 கிலோ. நெல் மூட்டை நிறுக்கும் தொங்கு தராசில் மாதம் ஒருமுறை நிறுத்து எழுதினேன். முதல் நாலு மாதம் வேகமாக இறங்கியது, பிறகு மிக மெதுவாக. 24ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் ஒரே எடையில் நிற்கிறதா என்று பாருங்கள். மாரியில் சற்று ஏறும், அதற்குக் கலங்க வேண்டாம்.

காயும் நாட்களில் வெடிப்பு வந்தால்? நுனியில் இரண்டு மூன்று அங்குலத்துக்குள் என்றால் விடுங்கள், அதற்காகத்தான் கூட்டி வெட்டினோம். வெடிப்பின் முடிவில் திகதியோடு ஒரு கோடு போடுங்கள். அடுத்த மாதம் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் காற்று அதிகம் என்று பொருள், சாக்கைப் போர்த்துங்கள். சுவரின் நடுவுக்கு ஓடிவிட்டால் அந்தக் கட்டை மத்தளமாகாது. மெழுகை ஊற்றி மறைத்து வாத்தியம் செய்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள், அது அவருடைய உழைப்பைத் திருடுவது. வெடிப்புக்கு இரு புறமும் அறுத்துச் சிறிய வேலைக்கு எடுங்கள்.

சிறு துண்டுகளும் வேறு மரங்களும்

மத்தளத்துக்கு மிஞ்சியதில்தான் புதியவர் கை பழக வேண்டும். ஏழு, எட்டு அங்குலப் பருமனுள்ள கிளைத்தண்டில் உடுக்குக் கட்டை கடையலாம். கஞ்சிரா வளையத்துக்கு மூன்று அங்குலத் தடிப்புள்ள வட்டத் துண்டு போதும். கஞ்சிராவுக்கு உடும்புத் தோல்தான் வேண்டும் என்பார்கள். உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிர், பிடிப்பது குற்றம். ஆட்டுத் தோலில் செய்யுங்கள். பலகையாக வேண்டும் என்றால் கட்டையை ஆப்பு வைத்து நாலாகப் பிளந்து, நடுவில் இருந்து வெளிநோக்கிய வாக்கில் அரியுங்கள். அப்படி அரிந்த பலகை முறுகாது. பலகைகளுக்கு இடையில் ஓர் அங்குலச் சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வைத்து அடுக்குங்கள்.

பலகை நாதம் தருமா என்று பார்க்க, நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தள்ளி, ஓரத்தை இரு விரலால் தளரப் பிடித்துக்கொண்டு நடுவில் தட்டுங்கள். நல்ல பலகை மணிபோல இழுத்துச் சொல்லும். உளுத்ததும் வெடித்ததும் சட்டென்று அடங்கும்.

வேம்பு விழுந்தால் பறைச் சட்டத்துக்கு எடுக்கலாம். பூவரசு கடைசலுக்கு நன்றாகக் கொடுக்கும், சுருக்கமும் குறைவு. பாலை நீரில் அமிழும் அளவுக்குப் பாரம், மத்தளக் கட்டைக்கு ஆகாது. ஆனால் சிப்ளாக்கட்டைக்கு அதைப்போல ஓசை தரும் மரம் குறைவு. முதிரை கிடைத்தால் சிறு துண்டையும் விடாதீர்கள், முளைகளுக்கும் முறுக்காணிக்கும் ஏற்றது. பாலையும் முதிரையும் காட்டில் விழுந்து கிடப்பதைக் கண்டு இழுத்து வந்துவிடக் கூடாது. வளவு மரத்துக்குச் சொன்னது காட்டு மரத்துக்குப் பொருந்தாது, அது வன இலாகாவுக்கு உரியது.

கட்டையைக் கையளிக்கும்போது

வாத்தியம் செய்பவரிடம் வெறும் கட்டையைக் கொண்டுபோய் இறக்காதீர்கள். எழுதி வைத்த எடைத் தாளைக் காட்டுங்கள், எந்த முகம் வேர்ப்பக்கம் என்று சொல்லுங்கள், உலோகம் இருந்த மரமா என்றும் சொல்லுங்கள். அவருடைய உளியும் கடைசலும் அதில் தங்கியிருக்கின்றன. அவர் அளவுக்குக் கடைந்த பிறகும் கட்டையை இரண்டு மூன்று மாதம் தன்னிடம் வைத்திருப்பேன் என்றால் அவசரப்படுத்த வேண்டாம். தடித்த சுவருக்குள் மிஞ்சிய ஈரம் மெலிந்த பிறகுதான் வெளியே வரும், வாய் வட்டம் சற்று நீள்வட்டமாகும், அதைத் திருத்தித்தான் தோல் போட வேண்டும்.

அம்மம்மாவின் பலாவில் ஐந்து கட்டை அறுத்தோம். ஒன்று பிளந்தது, ஒன்றில் சிதறல், ஒன்றில் புயலின் குறுக்குக் கோடுகள். மிஞ்சிய இரண்டில் ஒன்று மத்தளமாகிவிட்டது. வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்குப் போகும் வழியில் அதை முதன்முதலாக எடுத்துக் கேட்டேன். இடந்தலையில் விழுந்த அடி என் வயிற்றில் வந்து இறங்கியது. மற்றதை ஒரு பாடசாலைப் பிள்ளைகளுக்காக மிருதங்கமாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற மாரியில் அயல் வீட்டிலும் ஒரு பலா சாய்ந்தது. அதன் கட்டை ஒன்று இப்போது எங்கள் கொட்டிலில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை மாதம் ஒருமுறை தராசோடு வந்து நிறுத்து, கதவின் உட்புறத்தில் சோக்கால் எழுதிவிட்டுப் போகிறாள். கடைசியாக எழுதியிருப்பது 27 கிலோ 100 கிராம்.